பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லா

நேற்று மருமகள் மட்டாஞ்சேரியில் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரெல்லாம் ஓவியம். எனக்காகச் சுக்குக் காப்பி சொன்னாள். கோப்பையை மூக்கருகே கொண்டு போனதும்தான் உறைத்தது, கல்யாணமான புதிதில் நான் சுக்கு பொறுக்கிய சரக்குக் கிட்டங்கி இதுதான். அந்தப் பெரிய ஓவியம் மாட்டியிருக்கும் சுவரில் சாய்ந்துதான் ஸ்டெல்லா உட்காருவாள்.

ஸ்டெல்லா பக்கத்திலிருக்கும் சுள்ளிக்கல்காரி. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், என் அப்பா பாலக்காட்டிலிருந்து. மற்ற பெண்கள் மலையாளத்தில் பேச, நாங்கள் இருவரும் ஒரு மூலையில் எங்கள் தமிழை வைத்துக்கொண்டிருந்தோம். சுக்கைப் புடைத்து, சொத்தையைத் தள்ளி, நல்லதைக் கூடையில் போட வேண்டும். வேலை கைக்குத்தான். வாய்க்கு முழு நாளும் விடுமுறை, அதை நாங்கள் வீணாக்கியதில்லை.

பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடிக்கும். அடித்தால் போதும், ஸ்டெல்லா முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். "நில்லு டீ, ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்" என்று பக்கத்து வீட்டு ஆளைப் பார்க்கப் போவதுபோலச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

எனக்கு அந்த ஆண்டவர்மேல் அப்படிப் பொறாமை. சிரிக்காதீர்கள். காலையில் கண் வீங்கி வருவாள். என்னவென்று கேட்டால் பின்ன சொல்றேன் என்பாள். மணி அடிக்கும், உதடு அசையும், கண்ணைத் திறக்கும்போது முகம் தெளிந்திருக்கும். இப்போது சொல் என்றால், சரியாச்சு விடு என்பாள். எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? அவள் புருஷன் குடித்தது, மகளின் படிப்பை அவன் நிறுத்தப் பார்த்தது, எல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது.

நானும் விடவில்லை. வேண்டுமென்றே மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் நல்ல கதையாக எடுத்துவிடுவேன். மேஸ்திரி வீட்டுச் சண்டை, ஓடிப்போன கல்யாணப் பெண். ஒருதடவையாவது என் கதைக்காக அவரைக் காக்க வைப்பாளா என்று பார்ப்பேன். மாட்டாள். வீட்டில் கிருஷ்ணர் படத்தின் முன்னால் நானும் அவளைப்போலப் பேசிப் பார்த்தேன். முனிசிபாலிட்டியில் மனு கொடுப்பதுபோல வந்ததே தவிர, பேச்சாக வரவில்லை.

ஒருநாள் கதையில்லாமல் நிஜத்தையே எடுத்தேன். என் கழுத்தில் ஒரு கட்டி. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. அன்றைக்காவது எனக்காக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வந்த ஆத்திரத்தில் எழுந்தே போயிருப்பேன், ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"இதுவரைக்கும் சொன்னத அவர்கிட்ட சொல்லியாச்சு. பாக்கி நீ சொல்லு, கேட்டுட்டிருக்காரு."

சொன்னேன். மறுநாள் அவளே கூட வந்தாள். கட்டி ஒன்றும் பெரிதில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது வேறு பக்கம் திரும்பியது. தினமும் என் சேதி அங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதே. இன்றைக்கு என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்பாள். கேட்டீர்களா, எங்களுக்குள்ளவாம்.

போன மழைக்காலத்தில் காக்கநாட்டில் தன் மகள் வீட்டில் ஸ்டெல்லா போய்விட்டாள். பெட்டிக்குள் அவள் விரல்களைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். ஒருதடவை கையைப் பிடித்துப் பார்க்க எனக்கு இடமில்லை. அங்கேயும் அவர்தான் பிடித்திருந்தார்.

காப்பி தீருமுன் மணி அடித்தது. கடையில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. மருமகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நில்லு என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. என்னைப் பற்றி அவரிடம் சொல்ல ஒருத்திதான் இருந்தாள், அவளையும் அவரே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.