குண்டனுக்கு ஒன்றுமில்லை

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ஊசியக்கா. மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது தன் பூனை குண்டனை அம்மாவிடம் விட்டுப் போனாள். “ஆறே மாசம்மா” என்றாள். ஐந்து வருடமாகிவிட்டது. ஞாயிறுதோறும் போன் வரும். அதில் பாதிப் பேச்சு குண்டனைப் பற்றித்தான்.

குண்டனுக்கு ஒரு பல் சொத்தை. பிடுங்குவதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்த மிருக டாக்டரின் முகம் சுருங்கியது.

“வெள்ளையணு எல்லாம் பிஞ்சாவே இருக்கும்மா. உள்ள பெரிய தொற்று இருக்கணும். இல்லேன்னா ரத்தப் புற்றுநோய். எதுக்கும் பெரிய லேபுக்கு அனுப்பறேன்.”

குண்டனோ வீட்டுக்கு வந்ததும் தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

விஷயம் கேட்டு மகள் அழுதாள். “லீவு கேக்கறேம்மா. எப்படியாவது வந்துடறேன். அதுவரைக்கும் அவனைப் பாத்துக்கோ.”

அழுவதா சிரிப்பதா என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை. மகளின் அறையைக் கழுவிவிட்டாள். மெத்தையை வெயிலில் போட்டாள். மகள் தினமும் இரண்டு வேளை கூப்பிட்டாள்.

எட்டாம் நாள் டாக்டரே போன் செய்தார். நோயே இல்லையாம். பெல்கர்-ஹ்யூட் என்ற பிறவி அமைப்பாம், பூனைகளில் அபூர்வம்.

“அணுவுக்குள்ள இருக்கிற கரு வளர வளரத் துண்டு துண்டாப் பிரியணும். இவனுக்குப் பிறவியிலேயே பிரியல. அதான் பிஞ்சு மாதிரி தெரிஞ்சுது. வேலையெல்லாம் ஒழுங்காத்தான் செய்யுது. உங்க பயலுக்கு ஆயுசு கெட்டிம்மா!”

அவள் குண்டனைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அது உறைத்தது. மகள் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

மூன்று நாள் அவள் விஷயத்தைச் சொல்லவில்லை. “எப்படி இருக்கான்?” என்று மகள் கேட்டால், “அப்படியேதான் இருக்கான்” என்றாள். பொய்யும் இல்லை. நாலாம் நாள், “சோறே இறங்கலம்மா” என்று மகள் கம்மிய குரலில் சொன்னதும் பெற்ற மனம் தாங்கவில்லை. சொல்லிவிட்டாள்.

மகள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். “அப்பாடா! அப்போ அவசரமில்லயேம்மா? இங்க வேலை கழுத்தை நெரிக்குது. வருஷக் கடைசியில பாக்கலாம்.”

“ஆகட்டும்” என்றவள் போனை வைக்கவில்லை. “குண்டனுக்கு ஒண்ணுமில்லதான். எனக்கும் ஒண்ணுமில்ல. சும்மா, உன்னைப் பாக்கணும்போல இருக்கு.”

மகள் சட்டென்று கேட்டாள்.

“இத்தனை நாளா ஏம்மா சொல்லல?”

வருஷக் கடைசி வந்து போனது. மகள் வரவில்லை. ஆனால் இப்போது புதன்கிழமையும் கூப்பிடுகிறாள். முதலில், “நீ சாப்பிட்டியாம்மா?” என்கிறாள். குண்டன் அதற்குப் பிறகுதான்.