மண் சரியறதுக்கு முன்னாடி மாத்திக் கேட்ட செபம்

நாலு வருஷம் படிச்ச சிவில் இஞ்சினியரிங் பட்டத்தைத் தர முடியாதுன்னு போன வருஷம் கேம்பஸ்ல நிறுத்தி வைச்சாங்க. நான் செஞ்ச குத்தம் என்ன தெரியுமா? எங்க அம்மா குடியிருக்கிற மலைச்சரிவை அளந்ததுதான். சகோதர சகோதரிகளே, ஆறின மனசோட இதை எழுத எனக்கு முடியல.

மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல பிறந்தவ நான். கடைசி வருஷ ஆய்வுக்கு எங்க லயத்துக்குப் பின்னால இருக்கிற மேட்டையே எடுத்துக்கிட்டேன். அங்க மண்ணுல இருந்த வெடிப்பு மாசாமாசம் அகலமாகிக்கிட்டே வந்துச்சு. லயத்துல பதினொரு குடும்பம். மழைக்கு முன்னாடி அவங்கள வேற இடத்துக்கு மாத்துங்கன்னு தோட்டத்து மேனேஜர் துரைக்கு மூணு கடிதம் கொடுத்தேன். எனக்குப் பதில் வரல. கேம்பசுக்குத்தான் முறைப்பாடு போச்சு. அத்துமீறி நுழைஞ்சேனாம், தொழிலாளிகளைத் தூண்டிவிட்டேனாம். அப்ப நான் பொறியியல் மாணவர் சங்கத்துத் தலைவி. விசாரணைன்னு சொல்லி ரிசல்ட்டை நிறுத்திட்டாங்க. துரையை நேர்ல போய்க் கேட்டேன்.

"பட்டத்தை வாங்கிக்கிட்டுப் போறத விட்டுட்டு, லயத்துப் பிள்ளைக்கு எதுக்குத் தலைவி வேலை?"ன்னார்.

அடுத்த நாள் அம்மாவோட பஸ் ஏறி வஹகோட்டைக் கோயிலுக்குப் போனேன். முழங்கால்ல நின்னு ஆண்டவரோட சண்டை போட்டேன். நான் சொன்னது சரின்னு அந்த மேட்டை இறக்கிக் காட்டுங்கன்னு கேட்டேன். கேட்டுட்டுத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துல அம்மா கண்ணை மூடி செபமாலை உருட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்க தூங்குறது அந்த மேட்டுக்கு அடியிலதானே. வேணாம் ஆண்டவரே, பட்டம் போகட்டும், நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன், ஒரு உசுரும் போகக்கூடாதுன்னு மாத்திக் கேட்டு அழுதேன்.

திரும்பி வர்ற பஸ்லயே சங்கத்துச் செயலாளர் சமன் ஃபோன் பண்ணினான். என் ஆய்வைப் படிச்சுட்டு, குடும்பங்களை அங்கயிருந்து வெளியில கொண்டுவர பேட்ச் முழுக்க வரப்போறதாச் சொன்னான். நான் யாரையும் கேக்கல. கேட்டது ஆண்டவர்கிட்ட மட்டும்தான்.

சனிக்கிழமை ரெண்டு பஸ்ல வந்தாங்க. எங்க பங்கு ஃபாதர் குடும்பங்க தங்கக் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். லயத்தை விட்டுப் போனா வேலையில பேர வெட்டுவோம்னு துரை ஆள் அனுப்பினார். சிலபேர் தயங்கி நின்னாங்க. அம்மா பானையைத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தாங்க.

"பேர வெட்டட்டும். நம்மளப் புதைக்காம இருந்தா சரி."

தயங்கினவங்களும் பின்னாலயே வந்தாங்க. செவ்வாய்க்கிழமை பகல், கொட்டுற மழையில அந்த மேடு இறங்குச்சு. லயத்துல இருந்த பதினொரு காம்பரா வீடும் மண்ணுக்குள்ள. ஒரு உசுருகூடப் போகல. பார்க்க வந்த அதிகாரி, இயற்கை அனர்த்தம், யாருக்குத் தெரியும்னார். யாருக்குத் தெரியுமாம். மூணு கடிதத்தோட நகலையும் அவர் கையில வைச்சேன். மூணுலயும் வாங்கிக்கிட்டதுக்குத் துரை ஆபீஸ் முத்திரை இருந்துச்சு. அதே நகல் விசாரணைக்கும் போச்சு. தோட்டத்துல முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாங்க, ரிசல்ட்டும் வந்துச்சு. மன்னிப்புன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி இல்ல.

பட்டமளிப்பு விழாவுல முதல் வகுப்புப் பட்டம், ஆய்வுக்குப் பரிசு, தலைமைத்துவ விருதுன்னு மூணு தடவை மேடை ஏறினேன். வெளியில துரை காத்துக்கிட்டிருந்தார். எங்க தோட்டத்துப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு, என்கூடப் படம் எடுக்க.

"படம் வேணாம் சார். பதினொரு வீடு வேணும்"னேன்.

அந்தக் குடும்பங்க இன்னும் தகரக் கொட்டில்லதான் இருக்காங்க. வீடு கிடைக்கிற வரைக்கும் நான் விடப்போறதில்ல. கொழும்புல வேலை கிடைச்சும் போகல. மாத்தளையிலேயே இருந்துக்கிட்டு மத்த லயங்களோட மேடுகளை அளக்கிறேன். முந்தியெல்லாம் எனக்காக மட்டும்தான் செபம் பண்ணுவேன். இப்ப ஒவ்வொரு லயத்துப் பேரையும் சொல்லிக் கேக்கிறேன்.

அநியாயத்தைப் பார்த்துப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறீங்களா? அப்படியே போய் அவர் முன்னால நில்லுங்க. நல்ல வார்த்தை தேட வேணாம். கோபத்துல தப்பாக் கேட்டாலும், எதைக் கொடுக்கணும்னு அவருக்குத் தெரியும். எங்க அம்மா உசுரோட இருக்காங்க. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு அது போதும்.