ஐந்து முழம் பாதை

சூலூருக்குத் தெற்கே ஒரு பஞ்சு மில்லில் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை மாரியாத்தாளுக்கு. அவளுடைய குடியிருப்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே நிலக்காரப் பண்ணாடி பொங்கியண்ணனின் புன்செய்க் காடு. அதன் ஓரமாக ஒரு மண்பாதை; பாதைக்கு மறுபக்கம் வாய்க்கால். பொங்கியண்ணனின் தகப்பனார்தான் அந்தப் பாதையை ஊரார் முன்னால் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தவர். "வண்டி போறாப்புல அஞ்சு முழம் உட்டுப்போட்டேன்" என்று சொல்லித் தன் கையாலேயே அளந்தும் காட்டினார். கல்யாணமாகி வந்த புதிதில் மாரியாத்தாள் அதைக் கண்ணால் பார்த்தவள்.

தொண்ணூற்றாறில் பொங்கியண்ணனின் மகன் கிருபாசங்கர் அந்தக் காட்டில் விசைத்தறிக் கொட்டகை போட்டான். சுற்றுச்சுவருக்குக் கயிறு பிடித்தார் மேஸ்திரி வரதராஜுலு. வாய்க்காலிலிருந்து ஒன்றரை மீட்டரில் முளைக்குச்சி இறங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாரியாத்தாள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, பாதை இத்தன ஒடுக்கமில்லீங்களே?"

"தாத்தா அஞ்சுன்னு சொன்னாரு. அஞ்சடி, அதான் ஒன்றரை மீட்டர். சரியாத்தான் உட்டிருக்குது" என்றான் கிருபாசங்கர்.

"அடி இல்லீங்க சின்னப் பண்ணாடி, முழமுங்க. ஒரு முழம் ஒன்றரை அடியாச்சுங்களே. ஏழரை அடி வேணுமுங்க."

வரதராஜுலு சிரித்தார். "யாரு கை முழம், அம்மணி? ஒன்னோடதா, என்னோடதா? முழக்கணக்கெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு."

பக்கத்தில் நின்ற பொங்கியண்ணனை அவள் பார்த்தாள். "உங்கப்பாரு அளந்தப்ப நீங்களும் இருந்தீங்களேங்க, சொல்லுங்க."

அவர் மகன் முகத்தைப் பார்த்தார். "எனக்கு நெனப்பில்ல, மாரியாத்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சுவர் எழும்பியது. மாட்டுவண்டிகள் ரோட்டோடு நின்றன. விறகையும் அரிசி மூட்டையையும் சனங்கள் தலையில் சுமந்து வந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, அவள் புருசன் மயில்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முஸ்தபாவின் வாடகை அம்பாசிடர் உடனே வந்துவிட்டது. ஆனால் பாதைக்குள் நுழையவில்லை. கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கினார்கள். பக்கவாட்டில் ஆள் நடக்க இடமில்லாததால் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் மட்டும் பிடித்தார்கள். சேற்றில் வழுக்கியது. சுவர் நெடுக இறக்கி வைத்து இறக்கி வைத்துத்தான் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

துக்கம் கேட்க வந்த பொங்கியண்ணன் வாசலோடு நின்றார். உடுமலையிலிருந்து வந்திருந்த மகள் செவ்வந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாரியாத்தாள் எழுந்தாள்.

"பண்ணாடிங்க, அன்னிக்கு உங்கப்பாரு முழமுன்னாருங்களா, அடின்னாருங்களா?"

"முழந்தான்."

"கயிறு புடிச்சப்ப ஏனுங்க சொல்லுல?"

"பையன் பேச்ச மீற முடியல, மாரியாத்தா."

"அதய அங்க வந்து சொல்லுங்க."

மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் அவளோடு நடந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையின் முன்னால், கூடி வந்த சனத்துக்கு நடுவே, தன் கையை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டிக் காட்டினார். "எங்கப்பன் அளந்தது இதுல அஞ்சு. எனக்கு நல்லா நெனப்பிருக்குது. அன்னிக்குப் பொய் சொல்லிப்போட்டேன்."

கிருபாசங்கர் கத்தினான். அப்பனோடு பேச்சையே நிறுத்தினான். ஆனாலும் ஊர் முன்னால் சொன்ன சொல்லை அவனால் தாண்ட முடியவில்லை. தை பிறக்கும் முன்னே சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினான்.

மாரியாத்தாளால்தான் வழி கிடைத்தது என்று குடியிருப்பில் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. ரோட்டில் கார் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே வருவாள். இந்த நிலையில் அவளைத் தனியே விட மனமில்லாமல், செவ்வந்தி கூப்பிட்டாள்.

"எங்கூட வந்துரும்மா."

"வாரேன் கண்ணு. அன்னிக்கு அந்தக் காரு மட்டும் உள்ள வந்திருந்தா... அத யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

செவ்வந்தி தாயின் துணிகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.