பதினைந்து கிலோ ஆபிரிக்கா

போன கிழமை தென் லண்டனில், மிட்சம் நிறுத்தத்தில் ட்ராம் ஏறி உட்கார்ந்ததும் ஒரு வாசம் மூக்கைப் பிடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் மழையில் நனைந்த மெழுகுத்துணி ஜாக்கெட் போட்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் முகம் சுளித்திருப்பார்கள். எனக்குப் பசித்தது. என்ன செய்ய, அந்த வாசத்துக்கு நடுவில் இருந்துதான் வருடக்கணக்காக மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறேன்.

நான் வேலை செய்தது மத்திய லண்டனில் ஒரு பழைய கடையில். ஆபிரிக்காவுக்கு வழிகாட்டியோடு வேட்டைக்குப் போகிற வசதிக்காரர்களுக்குத் தொப்பியிலிருந்து சப்பாத்து வரை விற்பார்கள். நான் கீழே, நிலவறையில், தையல்காரி. அதற்கு முதல் விமான நிலையத்தில் தரை துடைத்தவள்; கதிரையில் இருந்து செய்கிற வேலையே எனக்குப் பெரிய உத்தியோகம். கரப்பான்பூச்சியைக்கூடக் கடதாசியில் ஏந்தி வெளியே விடுகிற சைவக்காரி, காட்டெருமை சுடப் போகிறவர்களின் காற்சட்டைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் உடுப்புக்கடை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆபிரிக்காவை நான் கண்டதில்லை. ஆனால் போய் வந்தவர்கள் முழுப் பெட்டியையும் திருத்த வேலைக்கென்று அனுப்புவார்கள். தையல்களுக்குள் செம்மண் இருக்கும். முழங்கால் தேய்ந்த காற்சட்டை வரும், முள் கீறிய சட்டைக் கை வரும். ஏழு சட்டை கொண்டுபோனவரின் பெட்டியில் நாலு சட்டைக்குக் குண்டூசிகூடக் கழற்றியிருக்காது. வேட்டை முகாமில் தினமும் தோய்த்துக் கொடுத்துவிடுவார்களாம். பைகளுக்குள் முகாம்காரர் கொடுத்த துண்டுக் கடதாசிகளும் கிடக்கும். எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: சிறிய விமானம், துணிப்பை மட்டும், பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டோம். சிலதில் எந்த நிறம் ஆகாது, எவ்வளவு குளிரும் என்றெல்லாம் எழுதியிருக்கும். வாசித்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பேன். எதையும் எறிய மனம் வராத குணம். என் வீட்டு அலுமாரியைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் அளவெடுக்க மேலே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றார். ஹவுன்ஸ்லோவில் பல் டொக்டர். துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்து குறி பழகியவர், சாம்பியாவில் காட்டெருமை வேட்டைக்குப் பதிவு செய்திருந்தார். துப்பாக்கி வழிகாட்டியே தருவார், மிச்சம் எல்லாம் இவர் கொண்டுபோக வேண்டும். தள மேலாளர் நைஜல் இரண்டாம் தரமாக, "கணவர் எப்போது வருவார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் வீட்டில் பூனையைப் பார்ப்பார். சுடப் போவது நான்," என்றார் டொக்டர்.

மேசையில் நைஜல் குவித்து வைத்திருந்தார்: இரும்புக் கரை போட்ட பெரிய தோல் பெட்டி, இராணுவப் புள்ளிச் சட்டைகள், கருநீலக் காற்சட்டைகள், விறைத்த புதுச் சப்பாத்து.

நான் தோள் அளவெடுக்கும்போது வாய்க்குள் தமிழில் எண்ணியிருக்கிறேன் போல. அவர் சட்டென்று திரும்பினார்.

"யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"அப்ப உண்மையைச் சொல்லும் தங்கச்சி. இவ்வளவும் தேவையோ?"

"அக்கா, அந்தப் பெட்டியை வாங்காதேங்கோ. சின்னப் பிளேனில ஏத்த மாட்டினம். துணிப்பை காணும். உந்தப் புள்ளிச் சட்டை அங்க ஆமிக்காரர்தான் போடலாம், உங்களைப் பிடிச்சு வைச்சிருவாங்கள். நீலமும் வேண்டாம், கடிக்கிற ஈ நீலத்துக்குத்தான் வரும்."

"பிறகு?"

"மூண்டு சோடி உடுப்பு காணும். விடியக்காலமை திறந்த ஜீப்பில குளிர் எலும்புக்குள்ள போகும், கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். சப்பாத்தை இண்டைக்கே போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. புதுசோட அங்க நடக்க ஏலாது."

நைஜலுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் பெட்டியை டொக்டர் ஒரு கையால் தள்ளி வைத்தது விளங்கியது.

அவர் போனதும் நைஜல் நிலவறைக்கு இறங்கி வந்தார். "நீ ஆபிரிக்காவுக்குப் போயிருக்கிறாயா?"

"இல்லை."

"வாங்காதே என்று இன்னொரு வாடிக்கையாளரிடம் சொன்னால் உனக்கு இங்கே வேலை இல்லை."

பிஸ்கட் டின்னைக் காட்டியிருக்கலாம். பயத்தில் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன். அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது பழைய தரை துடைக்கும் தடியைப் பிடித்ததுபோல இருந்தது.

கோபத்தையெல்லாம் மங்களா அக்காவின் சட்டைகளில் காட்டினேன். மங்களா என்பது அந்த டொக்டரின் பெயர். ஆண்களுக்கு வெட்டிய தோள். துப்பாக்கிப் பிடி வழுக்கும். தோளை உள்ளே எடுத்து, வெடியின் உதைப்பைத் தாங்க ஒரு மெத்தைத் துண்டு வைத்தேன். தொலைநோக்கி ஆடி அடிபடாமல் நெஞ்சோடு நிற்க ஒரு வார் தைத்தேன். பிறகு காத்திருந்தேன். அவருக்கு ஏதாவது பிழையாய்ப் போனால் என் கதை முடிந்தது.

ஆறு கிழமை கழித்துப் படிவழியே ஒரு குரல் இறங்கி வந்தது. "தங்கச்சி, மேல வாரும்!"

வெயிலில் கறுத்துப்போய், கண் மின்ன நின்றார் அக்கா. நடந்ததைக் கடை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். ஓடுபாதையில் விமானி ஒவ்வொரு பையாகத் தராசில் தூக்கினாராம். எங்கள் கடையில் வாங்கிய இரும்புக் கரைப் பெட்டிகளோடு இரண்டு பேர் நின்றார்களாம். பெட்டிகளை ஏற்றவில்லை, லொறியில் முகாமுக்கு வந்துசேர நாலு நாள். அதுவரைக்கும் அவர்கள் உடுத்த கருநீலக் காற்சட்டையோடேயே திரிந்து ஈக்கடி வாங்கினார்கள். அக்காவின் பை பதினாலரைக் கிலோ. மூன்றாம் நாள் விடிய, முள்ளுக்குள் தவழ்ந்து போய், வழிகாட்டி தலையசைக்க, ஒரே வெடி.

எருமையை நினைத்து எனக்குக் கொஞ்சம் கவலைதான். ஆனால் மனம் அன்று சொன்னது கேட்கவில்லை, துள்ளியது.

"முழங்கால் கிழிஞ்சு போச்சு," என்று காற்சட்டையை என்னிடம் நீட்டினார். "உம்மட தோள் தையல் ஒரு நூல்கூட அசையேல்லை."

அந்த இரண்டு பேரின் முறைப்பாட்டுக் கடிதம் முதல் நாளே வந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, நைஜல் நல்ல மனுசன். எல்லாருக்கும் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "என் பிழைதான். இதில் இருந்து எழுது. எதை எடுப்பது, எதை விடுவது, எல்லாம்."

ஓடிப்போய் டின்னை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தேன்.

பட்டியல் ஒரே பக்கம். கடைசி வரி: இடம் மிஞ்சினால் நிரப்பாதீர்கள். அதை அச்சடித்துப் பெட்டிகள் விற்கிற மேசையிலேயே வைத்தார்கள். அடுத்த மாதம் என்னையும் மேலே மாற்றினார்கள். அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எருமை, துப்பாக்கி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மேல்தளமோ? அப்ப யன்னல் இருக்குமே," என்றார் அம்மா.

கடை இப்போது இல்லை. ஆட்கள் இணையத்தில் வாங்குகிறார்கள், கிழிந்தால் எறிகிறார்கள். வேட்டைக்குப் போகிறேன் என்று உரக்கச் சொல்ல யோசிக்கிற காலமும் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் இன்று கைபேசி விற்கிறார்கள். கடையை மூடிய நாளில் நைஜல் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. திறப்புக் கொத்து என் கையில் இருந்தது. கதவைப் பூட்டிய பிறகு, வாசலில் "மேலாளர்" என்ற சொல்லுக்குக் கீழே என் முழுப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.