இடது கன்னத்துக் காற்று

ஹால்டிஸ் யாரையும் காக்க வைத்தவள் அல்ல. பல் மருத்துவமனையில் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை. மருத்துவர் கை நீட்டுவதற்கு முன்பே இடுக்கி அங்கே இருக்கும். பேருந்தில் ஏறும்போது பயணச்சீட்டு விரல் நுனியில் தயாராக இருக்கும். தன்னால் ஒருவருக்கு ஒரு நிமிடம் வீணானாலும் அன்று முழுக்க உறுத்தும். இதை நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி குணம், பாதி பயம் என்பது அவளுக்குத் தெரியும்.

குளிர்கால விடுமுறை வாரம் வந்தால் அவளும் கணவன் ஸ்டெய்னாரும் ஹார்டாங்கர் மேட்டுநிலத்துக்குக் காரில் கிளம்பிவிடுவார்கள். காலில் பலகை மாட்டிக்கொண்டு, பெரிய பட்டம் இழுக்கப் பனியில் சறுக்கிப்போகும் பைத்தியம் இருவருக்கும் உண்டு. அங்கேதான் பழக்கமும் ஆனார்கள். மணிக்கட்டு முறிந்த பிறகு அவள் பட்டத்தைத் தொடவில்லை. அதிலிருந்து வேலை பிரிந்துவிட்டது: மேட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவன் பட்டத்தில் போவான்; அவள் காரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே காத்திருப்பாள்.

அன்று பனிக்காற்றினால் சாலையின் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. தனியாகப் போக முடியாது. முன்னால் பனி தள்ளும் வண்டி, பின்னால் காவல் வண்டி, நடுவில் கார்கள் என்று வரிசையாகத்தான் விடுவார்கள். வரிசைக்குள் போய்விட்டால் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கைப் பார்வையிலிருந்து விடக் கூடாது.

"கார்ல வாயேன். வானம் சரியில்ல" என்றாள் ஹால்டிஸ்.

"வானம் என்னிக்கு உனக்குச் சரியா இருந்துது?" ஸ்டெய்னார் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டினான். "காத்து தெக்கேருந்து அடிக்குது. இடது கன்னத்துல வெச்சுக்கிட்டுப் போனா நேரா மேற்கே போய்ச் சேர்ந்துடுவேன். கண்ணைக் கட்டிட்டுப் போகலாம்."

"கட்டிட்டுத்தான் போகப்போற. ஒண்ணும் தெரியப்போறதில்ல."

"காபி மட்டும் மிச்சம் வை, மகராசி."

சாலையின் வலப்பக்கச் சரிவில் ஏறினான். பட்டம் ஒருமுறை சடசடத்து நிமிர்ந்தது. முதல் குன்றின் மேல் அவன் சின்னதாகத் தெரிந்தான், பிறகு தெரியவில்லை. கட்டை உயர்ந்தது.

கார்கள் அவசர விளக்கு மினுங்க ஊர்ந்தன. பனிப்புகை சாலைக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன தெற்குக் காற்று. ஹால்டிஸ் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, ஒரு சுளை மட்டும் தின்றாள்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. முன்கண்ணாடியைத் துடைக்கும் கம்பி திணறியபோதுதான் கவனித்தாள். பனி இப்போது குறுக்கே ஓடவில்லை. நேர் எதிரிலிருந்து கண்ணாடியில் வந்து அறைந்தது. சாலை வளையவில்லை, ஓரத்தில் வழி காட்ட நட்ட கம்புகள் நேர்வரிசையாகவே நின்றன. காற்றுதான் திரும்பி மேற்கிலிருந்து அடித்தது.

காற்று மெல்லத் திரும்பினால் அவனும் அதோடு மெல்லத் திரும்புவான். இடது கன்னத்தில் அதே குளிர், அதே இழுப்பு, சந்தேகப்பட ஒன்றுமில்லை. வழிகாட்டும் கருவி பையில்தான் இருந்தது. சந்தேகம் வந்தால்தானே எடுத்துப் பார்ப்பான்? மேற்கே போவதாக நினைத்துக்கொண்டு நேர் வடக்கே, சாலைக்கு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருப்பான். வடக்கே அணைக்கட்டு ஏரி. குளிர்காலம் முழுக்க அடியிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கரையோரம் பனிக்கட்டி, அடியில் தாங்க ஒன்றுமில்லாமல், வெறும் ஓடாகத் தொங்கும்.

போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை.

முன்னால் சிவப்பு விளக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் லாரியின் வெளிச்சம் காரை நிறைத்தது. நின்றால் லாரி வந்து மோதலாம். அதற்குப் பின்னால் குழந்தைகளோடு வருகிற கார்கள். அத்தனை பேரையும் நிறுத்த அவள் யார்? கால் பிரேக்கின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. அந்தச் சிறிது நேரத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை.

அழுத்தினாள்.

லாரி ஒரு முழ இடைவெளியில் வழுக்கி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியில் குத்தினார். "ஏம்மா, கிறுக்கா புடிச்சிருக்கு? எல்லாரையும் சாகடிக்கவா?"

"என் புருஷன் ஏரிப் பக்கம் போறாரு. பட்டத்துல. காத்து திரும்பினது அவருக்குத் தெரியாது."

"இந்தக் காத்துல பட்டமா? நல்ல ஜோடிதான் நீங்க." திட்டிக்கொண்டே லாரிக்குள் ஏறினார். அடுத்த கணம் அதன் ஹாரன் அலறத் தொடங்கியது.

காவல் வண்டிக்காரர் வந்தார். கேட்டார். மூஞ்சியைச் சுளித்தார். வயர்லெஸ்ஸில் முன்வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு காராகப் போய்க் கதவைத் தட்டினார். "ஹாரனை அமுக்குங்க. கையை எடுக்காதீங்க."

வரிசை முழுக்க அலறியது. எதிர்க்காற்றையும் மீறி அது வலப்பக்கத்து வெண்மைக்குள் போயிற்று. பதிலுக்கு எதுவும் வரவில்லை. "மீட்பு ஆளுங்ககிட்ட சொல்லியாச்சு. ஆனா வண்டிங்கள ரொம்ப நேரம் நிறுத்த முடியாதும்மா, புதைஞ்சுடும்" என்றார் காவல் வண்டிக்காரர். அவள் தலையாட்டினாள். கையை மட்டும் ஹாரனிலிருந்து எடுக்கவில்லை.

லாரிக்காரர்தான் முதலில் பார்த்தார். கம்புகளுக்கு அப்பால் ஓர் உருவம் நடந்து வந்தது. பட்டம் இல்லை. ஒரு பலகைதான் கையில். கால்சட்டை முழங்கால்வரை உறைந்து தகரமாகியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. கதவுகள் சாத்தப்பட்டன, வரிசை நகர்ந்தது.

வெகுதூரம் போன பிறகு ஸ்டெய்னார் வாய் திறந்தான். "ஹாரன் முதுகுக்குப் பின்னாடி கேட்டுது. ரோடு இடது பக்கம்ல இருக்கணும்? நீங்கதான் வழி தவறிட்டீங்கன்னு நெனச்சேன்."

"ரோட்டுல போற நாங்களா?"

"அப்படித்தான் தோணுச்சு. சத்தியமா."

"அப்புறம் ஏன் திரும்பின?"

"திரும்பல. என்ன சத்தம்னு கேக்க நின்னேன். நின்னப்பதான் காலுக்குக் கீழே ஐஸ் முனகுறது கேட்டுது."

அவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "முனகலேன்னா?"

அவன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகப் பார்த்தான். விரல் பிடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டான்.