சீமைச்சோம்பு துப்பிய குழாய்

மில்வாக்கி நகரின் தென்பகுதியில் பள்ளிப் பேருந்து ஓட்டிவந்த அர்லீன் ஸ்கிபா, வாழ்நாளெல்லாம் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். அவ்வாண்டு ஈஸ்டர் விருந்து தன் வீட்டில்தான் என்று உறவினர் அனைவருக்கும் அறிவித்தும்விட்டாள். விருந்துக்கு முந்தின நாள் காலையில், நிலவறையில் செம்புக்குழாயின் இணைப்பு ஒன்று பச்சை பூத்துக் கசிந்துகொண்டிருந்தது.

தம்பி காசிமிர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பச்ச புடிச்சா குழா செத்துப்போச்சுன்னு அர்த்தம்க்கா. எல்லாத்தயும் புடுங்கிட்டு பிளாஸ்டிக் போடணும். விருந்த எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம். வருசா வருசம் நடக்குறதுதானே?"

"வருசா வருசம் உன் வீட்டுல பாத்திரம் கழுவுனது போதும்டா."

அர்லீன் குழாய்ச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரி நோரீன் சிரித்தாள்.

"பச்சையத் தொடச்சுப் பாருங்க. இணைப்புல மட்டும் கசிஞ்சா, அத மட்டும் பத்தவெச்சாப் போதும். ஆனா உள்ள சொட்டுத் தண்ணி நின்னாலும், உருக்கி ஒட்டுற பத்தாசு பிடிக்காது. வெள்ள ரொட்டிய உருட்டி அடைச்சிருங்க. தண்ணியத் தடுக்கும், அப்புறம் தானா கரைஞ்சு போயிரும்."

"வெள்ள ரொட்டியா? எங்க வீட்டுல அத வாத்துக்குக்கூடப் போடமாட்டோம்!"

எந்த ரொட்டியானால் என்ன? வீடு திரும்பிய அர்லீன் தண்ணீரை நிறுத்தி, இணைப்பைப் பிரித்து, செம்பு பளபளக்கத் தேய்த்தாள். விருந்துக்கென வாங்கிய கறுத்த ரை தானிய ரொட்டியைப் பிய்த்துக் குழாய்க்குள் அடைத்தாள். மீண்டும் பொருத்திச் சுடர் காட்டினாள். பற்றாசு உருகி, வெள்ளிக்கோடாய்ச் சுற்றி ஓடிற்று.

இணைப்பு ஆறியதும் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சமையலறைக் குழாயிலோ நூலளவு தண்ணீரும் வரவில்லை. காசிமிர் உடனே மனைவியைத் தொலைபேசியில் அழைத்தான்.

"விருந்து நம்ம வீட்டுலதான். அக்கா குழாய அடைச்சுட்டா!"

அர்லீன் நிலவறைக்கு இறங்கினாள். இணைப்பில் ஈரத்தின் சுவடே இல்லை. அப்படியானால் குறை கீழே அன்று, மேலே! ஏறிவந்து சமையலறைக் குழாயின் வாய்ச்சல்லடையைத் திருகிக் கழற்றினாள். அதில் சீமைச்சோம்பு அப்பிக் கிடந்தது. ரொட்டி கரைந்துவிட்டது, அதிலிருந்த விதைகள் கரையவில்லை.

குழாய் இருமிற்று; எஞ்சிய சோம்பைக் காசிமிரின் சட்டைமேல் துப்பிற்று; பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டிற்று.

"திரும்பக் கூப்புடு அவள. விருந்துக்கு வெச்சிருக்குற பன்னித்தொடைய இங்க எடுத்துட்டு வரச் சொல்லு."

மறுநாள் அர்லீன் மேசையின் தலைமாட்டில் அமர்ந்து விருந்துண்டாள். பாத்திரம் கழுவியவன் காசிமிர். முழங்கைவரை நுரையோடு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, எங்க வீட்டுக் குழாயிலயும் பச்ச தெரியுது..."

"தொடச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். மறுபடி கசியுது."

"வெள்ள ரொட்டி வாங்கி வை. வர்றேன்."