காரணம் சொல்லாமல் எண் போடக் கூடாது

ஊகித்து எண் போடுவது எங்கள் வீட்டில் குற்றம். சட்டம் போட்டவள் என் மனைவி. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஃபேனுக்குக் கீழே அவளுடைய போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் சுடோகு போடுவோம். பேப்பரில் வருகிற சாதாரணச் சுடோகு அவளுக்கு என்றைக்கோ சலித்துவிட்டது. இது கூடுதல் விதிகள் உள்ள ரகம். கட்டங்களின் மேல் தெர்மாமீட்டர் படம் வரைந்திருக்கும்; குமிழில் தொடங்கி நுனி வரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. எட்டாகத்தான் இருக்கும் என்று தட்டிவிடுவேன். காரணம் கேட்பாள். முழிப்பேன். அழித்துவிடுவாள். தாலுகா ஆபீஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனை இப்படி மடக்கினால் கோபம் வராதா? வரும். மறுநாளும் போய் உட்காருவேன்.

ஒரு நாள் சங்கிலி மாட்டும்போது அவளுக்குக் கழுத்தில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. திருநெல்வேலிக்குப் போய் ஊசியால் மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். ரிப்போர்ட் போனுக்கே வரும் என்றார்கள்.

அதிலிருந்து எனக்கு ஊகம்தான் வேலை. கண்டதையும் தேடிப் படித்தேன். ஒன்றும் இருக்காது என்று காலையில் நம்புவேன். பூ மார்க்கெட் வரை போய்த் திரும்புவதற்குள் எல்லாம் போயிற்று என்று தோன்றும். பக்கத்து வீட்டு அம்மா கோயில் புற்றுமண் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி பேசாமல் பூசிக்கொண்டாள். என்னைத்தான் அதட்டினாள்.

"டாக்டர் சொல்லுத வரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. இதுக்கும் அதே சட்டந்தான்."

அவள் தைரியம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பயம் எனக்கு மட்டும்தானா?

ரிப்போர்ட் வந்த அன்றைக்கும் மதியம் சுடோகுதான். ஐந்து கட்டம் நீளமுள்ள ஒரு தெர்மாமீட்டரில் நின்றுகொண்டிருந்தோம். திரையின் மேலே பரிசோதனைக் கூடத்தின் பெயரோடு செய்தி வந்து விழுந்தது. இருவருமே பார்த்தோம். அவள் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். குமிழில் ஏழு போட்டாள்.

ஏழில் தொடங்கினால் எட்டு, ஒன்பது. அதோடு எண் தீர்ந்துபோகும். மிச்சம் இரண்டு கட்டம் காலியாக நிற்கும். எனக்கே தெரிந்த விஷயம். முதல் நாள் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

"ஏட்டி, ஏழுக்குக் காரணம் சொல்லு" என்றேன், மெதுவாக.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காரணம் ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

இவ்வளவு நாளும் அவளைக் கல் என்று நினைத்துவிட்டேனே. போனை வாங்கி ரிப்போர்ட்டைத் திறந்தேன். நான் படித்திருந்த அத்தனையிலும் எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அந்த வார்த்தை இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். டாக்டருக்குப் போன் போடச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"டாக்டர்ட்ட பேசுததுக்கு முன்னால அந்த ஏழ அழிங்க" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சப்புறம் அது எதுக்கு அங்கன நிக்குது?"

அழித்தேன். பிறகு டாக்டர் நம்பரைத் தேடி அழுத்தினேன்.